வாலாம்பாள் காட்டிய கோட்டை

கத்திரிக்காய் வாங்கப் போன வாலாம்பாள் வெண்டைக்காயோடு திரும்பினாள். மாட்டுங்கா மார்க்கெட்டில் அன்றைக்குக் கத்திரிக்காய்க்குப் பஞ்சமில்லை. தண்ணீர் தெளித்துப் பளபளவென்று குவித்து வைத்திருந்தார்கள். அவள் நின்றதும் அந்தக் குவியலுக்கு எதிரில்தான். விரலை நீட்டிக் காட்டியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் விரலால் பேசுவதில்லை என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். வாயைத் திறந்தாள். 'க' தொண்டைக்குள் குறுக்கே உட்கார்ந்துகொண்டது. பின்னால் பையோடு நின்ற ஒருத்தி பெருமூச்சு விட்டாள். "வெண்டைக்காய் தாங்கோ" என்றாள் வாலாம்பாள். அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

காய்கறிக்காரர் கணேசபாண்டியன் திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர். தாராவியிலிருந்து விடிவதற்குள் கூடையோடு வந்துவிடுகிறவர். "யக்கா, இன்னைக்கும் வெண்டக்காதானா? வீட்ல வேற எதுவும் திங்கமாட்டாகளா?" என்று நிறுத்தபடியே கேட்டார். வாலாம்பாள் சிரித்துவிட்டுக் குடையை விரித்தாள்.

நாற்பதைத் தொடுகிற வயது. குள்ளம். நடக்கும்போது முன்பக்கம் சற்றே சாய்ந்து, எதிர்க்காற்றில் போகிறவள் மாதிரி நடப்பாள். ஞாபகம் தெரிந்த நாளிலிருந்து திக்கு உண்டு. எல்லா எழுத்திலும் இல்லை. மற்றவை சில நாள் முரண்டும், சில நாள் வழிவிடும். 'க' மட்டும் என்றைக்கும் பகையாளி. அதனால் அவள் பேச்சில் அந்த எழுத்தில் ஆரம்பிக்கும் சொல்லே இருக்காது. சுற்றி வளைத்து, வேறொரு சந்து வழியாக வந்து சேருவாள். கல்யாணம் அவளுக்கு விவாகம். கடிதாசு மடல். ஹோட்டலில் காபி வேண்டுமானால், பக்கத்து மேஜையில் யாராவது சொல்லும் வரை காத்திருந்து "நேக்கும் அதே" என்பாள். பஸ்ஸில் கிங்ஸ் சர்க்கிளுக்கு ஒருநாளும் டிக்கெட் வாங்கியதில்லை. மாட்டுங்கா மார்க்கெட் என்று கேட்டு வாங்கி, அங்கிருந்து நடந்து வருவாள். "எங்க ஆபீசருக்கு இன்னிக்கு ரொம்பச் சினம் வந்துடுத்து" என்று அவள் சொல்லும்போது, அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளுக்குத் தமிழில் நிரம்ப ஞானம் என்று நினைத்துக்கொள்வார்கள். மாட்டுங்காவில் அத்தனை மாற்றுச்சொல் தெரிந்த பெண்பிள்ளை வேறு யாரும் இல்லை என்பது உண்மைதான்.

ஃபோர்ட் பகுதியில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் அவளுக்கு வேலை. கூட்டல் மெஷினில் விரலை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெலிபோன் கிடையாது, வருகிற போகிறவர்களிடம் பேச வேண்டியதில்லை. அதனால்தான் அந்த நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார்கள். விரல்கள் மழை விழுகிற மாதிரி விழும். பக்கத்தில் நிற்கிறவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அவளுக்கு அதில் பெருமையும் உண்டு, வருத்தமும் உண்டு.

புருஷன் ஜம்பு, பரேல் ரயில்வே பட்டறையில் படம் வரைகிறவர். மாட்டுங்காவில் மற்ற பெண்கள் எல்லாம் புருஷனை "ஏன்னா" என்று கூப்பிட, இவள் மட்டும் மாடியிலிருந்து தெருவைப் பார்த்து "ஜம்பு, சாவி" என்பாள். முதலில் கிசுகிசுத்தார்கள். அவளுக்கு அது திக்காமல் வருகிற பெயர். அத்தனை சுலபமாக வருகிற ஒன்றை வைத்துக்கொண்டு 'ஏன்னா' என்று எதற்காகக் கூப்பிட வேண்டும் என்பது அவள் கட்சி. அவள் திக்கும்போது ஜம்பு தலையாட்டமாட்டார், வேறு பக்கம் பார்க்கமாட்டார், அவசரப்படுத்தவும் மாட்டார். வரும் என்று தெரிந்த ரயிலுக்காக பிளாட்பாரத்தில் நிற்கிறவர் மாதிரி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

மற்றவர்கள் அப்படியில்லை. வேங்கடசுப்ரமணியன் முக்கியமாக அப்படியில்லை. ரயில்வே கணக்கு இலாகாவில் சூப்பிரண்டு. கணீரென்ற குரல். தங்கமான மனுஷர். மாட்டுங்காவாசிகள் சிலர் சேர்ந்து நடத்திய ஞாயிறு நடைக் குழுவுக்கு அவர்தான் காரியதரிசி. மாதம் ஒரு ஞாயிறு எங்காவது பழைய இடத்துக்குப் போவார்கள். உறுப்பினரில் ஒருவர் அந்த இடத்தைப் பற்றிப் படித்துவிட்டு வந்து, சுற்றிக் காட்டிச் சொல்ல வேண்டும். எலிபெண்டா, கன்ஹேரி, சயான் மேடு என்று பல இடம் ஆயிற்று. வாலாம்பாள் ஒன்றுவிடாமல் போனாள், எல்லாருக்கும் புளியோதரை சுமந்துகொண்டு. அவள் முறை வந்தபோதெல்லாம் வேங்கடசுப்ரமணியன் அவளுக்குச் சங்கடம் வேண்டாமே என்று அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

அவள் வாயில் ஒரு சொல் நின்றால் அதை முடித்துக் கொடுப்பதை அவர் ஒரு தர்மமாகவே செய்துவந்தார். பாதி தடவை தப்பாக முடிப்பார். ஒருமுறை கூட்டத்தின் நடுவே அவள் எழுந்து "கு... கு..." என்றாள். "குழந்தையா? யார் குழந்தை அழறது, பாருங்கோ" என்றார். எல்லாரும் எழுந்து அழுகிற குழந்தையைத் தேடினார்கள். அவள் சொல்ல வந்தது குழாய். அவர்கள் தேடி முடிப்பதற்குள் பின்கட்டிலிருந்து தண்ணீர் ஜமக்காளம் வரை வந்துவிட்டது.

அறுபத்து நாலாம் வருஷம், மழை ஆரம்பித்த சமயம், அடுத்து எந்த இடம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வாலாம்பாள் எழுந்து, அடுத்த மாசம் பஸ்ஸீன், அதை நான் சொல்றேன் என்றாள். சுற்றி இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். வேங்கடசுப்ரமணியன்தான் வாஞ்சையோடு சொன்னார்:

"நோக்கு எதுக்கும்மா சிரமம்? எழுதிக் குடுத்துடு. நான் படிச்சுடறேன்."

"எழுதறதுன்னா தபால்ல போட்டுடுவேன் ஸார். நான் வந்து சொல்றேன்."

பஸ்ஸீன் என்று அவள் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் இருந்தது. முந்தின வருஷம் ஜம்புவோடு அங்கே போயிருந்தாள். பம்பாய்க்கு வடக்கே, போர்த்துகீசியர் கடலோரத்தில் கோட்டை கட்டி, இருநூறு வருஷம் ஆண்ட ஊர். பிற்பாடு மராட்டியப் படை வந்து சுற்றி உட்கார்ந்து, சுவருக்கடியில் சுரங்கம் தோண்டி வெடி வைத்துப் பிடித்தது. இதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவள் மனசைப் பிடித்துக்கொண்டது அதற்கு அடுத்தது. தோற்றவர்கள் பெண்டு பிள்ளைகளோடு, ஆயுதங்களோடு, முரசு அடித்துக்கொண்டு வெளியேற ஜெயித்தவர்கள் சம்மதித்தார்கள். ஒளிந்தல்ல, நடந்து போனார்கள். ஆபீஸ் வாசகசாலையில் இதைப் படித்த அன்று, ரயிலில் இறங்க வேண்டிய ஸ்டேஷனைக்கூட விட்டுவிட்டு சயான் வரை போய்த் திரும்பி வந்தாள். இதை யாரிடமாவது தன் வாயால் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. சொல்லக் கேட்பதற்கு அல்ல, எழுதிக் காட்டுவதற்கும் அல்ல. சொல்ல.

அதற்காக அவள் பட்டபாடு கொஞ்சமல்ல. சமையல் செய்யும்போதும், லேடீஸ் கம்பார்ட்மெண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். சனிக்கிழமை அரைநாள் லீவில் பஸ்ஸீனுக்கே போய், இடிந்த சுவர்களுக்கு நடுவில் நின்று உரக்கச் சொல்லிப் பார்த்தாள். ஆடு மேய்க்கிற கிழவர் ஒருவர் அவளைப் பார்த்துப் பயந்து மந்தையை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். ஜம்பு தூரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து சுவர்களைப் படம் வரைந்துகொண்டிருந்தார்.

இதில் இருந்த வேடிக்கை, கோட்டையைப் பற்றிப் பேச 'க' இல்லாமல் முடியாது என்பது. கோட்டை, கொத்தளம், கதவு, காவல், கல்லறை, கடல், கப்பல். பகையாளி மொத்தப் பரிவாரத்தோடு வந்து நின்றான். வாலாம்பாள் ஒவ்வொன்றாகச் சுற்றுவழி கண்டுபிடித்தாள். கோட்டை ஃபோர்ட் ஆயிற்று. காவல் பாரா ஆயிற்று. கல்லறை சமாதி, கடல் சமுத்திரம். கப்பலுக்குத்தான் ரொம்ப நாள் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் 'நாவாய்' என்று வைத்தாள். புறப்படுவதற்கு முந்தின ராத்திரி அந்தப் பேச்சில் ஒரு முடிச்சுக்கூட இல்லை. எண்ணெய் தடவிய மாதிரி ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. தாதர் பிளாட்பாரத்தில் பன்னிரண்டு பதின்மூன்று பேர் குடையும் ரெயின்கோட்டுமாக நின்றார்கள். வேங்கடசுப்ரமணியன் வானத்தைப் பார்த்து, தண்டவாளத்தைப் பார்த்து, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமே என்றார். நாலைந்து பேர் உடனே தலையாட்டினார்கள். வண்டி வந்து நின்றது. புளியோதரைத் தூக்கை எடுத்துக்கொண்டு வாலாம்பாள் ஏறிவிட்டாள். சாப்பாடே ஏறிவிட்டது என்பதால் மற்றவர்களும் ஏறினார்கள்.

பஸ்ஸீன் ரோடு ஸ்டேஷனில் இறங்கி, அரசாங்க பஸ் பிடித்து, கோட்டையின் தரைவாசல் பக்கம் இறங்கினார்கள். உயரமான கருங்கல் சுவர். அதன் மேல் ஆலஞ்செடிகள் வேர்விட்டுத் தொங்கின. வேர் வழியாகத் தண்ணீர் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போகிற வழி நேராகப் போகாமல் திரும்பும். வருகிற எதிரி வேகமாக ஓடி வர முடியாதபடி அப்படிக் கட்டியிருந்தார்கள். அந்தத் திருப்பத்தில் வாலாம்பாள் நின்றாள். குடைகளும் நின்றன. மழை அத்தனை குடைகளின் மேலும் படபடத்தது.

"இந்த ஃபோர்ட்டை..." என்று ஆரம்பித்தாள்.

"என்ன?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அகிலாண்டம் மாமி. கனத்த சரீரம். ஒரு காது மந்தம். மனசில் பட்டதை அப்படியே கேட்டுவிடுகிற சுபாவம். "எந்த ஃபோர்ட்டு? உன் ஆபீஸ் இருக்கே, அந்த ஃபோர்ட்டா?"

இல்லை மாமி, இது, நாம் நிற்கிற இது, என்று வாலாம்பாள் விளக்கினாள். பின்னாலிருந்து இன்னொருவர் கேட்கவில்லை என்றார். மறுபடி சொன்னாள். எண்ணெய் தடவிய பேச்சு தாழ்ந்த குரலில் சொல்வதற்காகத் தயாரானது. மழையில் கத்திச் சொல்லவேண்டியிருந்தது. கத்தினால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நின்றது. போர்த்துகீசியர் நாவாயில் வந்தார்கள் என்றாள்.

"நவாபா? பஸ்ஸீன்ல ஏதுடி நவாப்?" என்றாள் மாமி.

இரண்டு பேர் சிரித்தார்கள். சுற்றுவழி எல்லாம் ஒவ்வொன்றாக அடைபட்டுப்போயிற்று. நேர்வழி ஒன்றுதான் மிச்சம் என்று வாலாம்பாளுக்குப் புரிந்தது. வாயைத் திறந்தாள். "கோ..." என்றதோடு நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. மூடியும் மூடாமலும் இருந்த உதட்டின் மேல் மழைத்துளி வழிந்தது.

"கோட்டை" என்றார் வேங்கடசுப்ரமணியன் கணீரென்று. "கோட்டைன்னு சொல்றா. இது போர்த்துகீசியர் கட்டின கோட்டை. இப்படி வாங்கோ எல்லாரும், ஒதுக்குப்புறமா." அவர் முன்னால் நடந்தார். நிம்மதியோடு குடைகள் அவர் பின்னால் திரும்பின. அவர் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. அவளிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்ததை, அழகாக, ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கொண்டு போனார். தன் வாக்கியங்களே முன்னால் நடந்து போவதை வாலாம்பாள் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டு நடந்தாள். ஜம்பு அவள் கையிலிருந்த தூக்கை வாங்கிக்கொண்டார்.

பனைமரங்களுக்கு நடுவே பாதை சேறாகக் கிடந்தது. கூரை இல்லாத மாதா கோயில் ஒன்று, தரையெல்லாம் எழுத்து வெட்டிய கல்லறைக் கற்கள். அதன் பக்கத்தில் வளைவு மண்டபம் ஒன்று மட்டும் இன்னும் ஒழுகாமல் இருந்தது. அங்கே ஒதுங்கினார்கள். சமாதி மேல் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று அகிலாண்டம் மாமி நின்றுகொண்டே சாப்பிட்டாள். புளியோதரையை எல்லாரும் மெச்சினார்கள். வேங்கடசுப்ரமணியன் கை அலம்பிவிட்டு, இனிமேல் பார்க்க விசேஷமாக ஒன்றும் இல்லை, எல்லாம் இதே மாதிரி இடிந்த சுவர்தான், மராட்டியர் பிடித்தார்கள், அதோடு கதை முடிந்தது, மழை விடுகிற மாதிரி தெரியவில்லை, திரும்பிவிடலாம் என்றார்.

வாலாம்பாள் இலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"முடியலை ஸார். இன்னும் பாதி இருக்கு. சமுத்திர வாசல்..." என்று சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள். சமுத்திரம் என்ற சொல்லை எச்சில் விழுங்குவதுபோல விழுங்கினாள். "க... க..."

"கடல்வாசல்" என்று ஆரம்பித்தார் வேங்கடசுப்ரமணியன்.

"முடிக்காதீங்கோ ஸார்."

அவள் குரல் உயரவில்லை. ஆனால் மண்டபத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திகைத்துவிட்டார். உண்மையாகவே உதவிதான் செய்துகொண்டிருந்தார், இத்தனை வருஷமாக. அதை அவள் வேண்டாம் என்று சொல்வது அவருக்கு விளங்கவில்லை. சமாதானமாக, இன்னொரு வழி சொன்னார். நவராத்திரியில் அவள் பாடினால் திக்குவதே இல்லையே, இதையும் நலங்குப் பாட்டு மாதிரி மெட்டுப் போட்டுப் பாடிவிடலாமே என்றார். அவர் கேலி செய்யவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

"பாட வரலை ஸார் நான். பேச வந்திருக்கேன். என் வார்த்தையை நானே முடிச்சுக்கறேன். எத்தனை நாழி ஆனாலும்."

பிறகு திறந்த வாயோடு நின்றாள். இந்தத் தடவை வேறு சொல் தேடவில்லை. சந்து பொந்து பார்க்கவில்லை. அந்த எழுத்தின் எதிரில் போய் நின்றாள். கூரையில்லாத கோயிலுக்குள் மழை கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒருவர் இருமலை அடக்கினார். ஒருத்தி தன் வளையல்களைப் பார்த்தாள். மாமி வாயில் போட்டதை மெல்லாமல் வைத்திருந்தாள். ஜம்பு தூணில் சாய்ந்தபடி, வழக்கம்போல அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடல்" என்றாள் வாலாம்பாள். "கடல்வாசல். அங்கேதான் விஷயமே இருக்கு."

வந்தது என்னவோ ஒரு சொல்தான். அதன் பின்னால் மற்றவை நல்ல பிள்ளைகளாக வரிசையில் வந்துவிடவில்லை. அடுத்த சொல்லிலேயே மறுபடி நின்றாள். ஆனால் நிற்பது குற்றம் என்கிற எண்ணம் அவளை விட்டுப் போயிருந்தது. வருகிறவர்கள் வரலாம், வராதவர்கள் பஸ் நிற்கிற இடத்தில் காத்திருக்கலாம், பஸ் கடல்வாசலுக்குப் பக்கத்து மீனவர் குப்பம் வரை போய்த் திரும்பும், என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

பாதிப் பேர் மண்டபத்திலேயே தங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. புடவையும் வேஷ்டியும் முழங்கால் வரை நனைந்திருந்தன. மாமி முதலில் புறப்பட்டாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பாதியில் போனால் மனசு ஆறாது என்றாள். தன் காதுதான் சரியில்லையோ, அதனால்தான் பாதிச் சொல் பாதியாகக் கேட்கிறதோ என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்ததாக ஜம்புவிடம் சொல்லிக்கொண்டே சேற்றில் நடந்தாள். இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். கடைசியில், தன் பெரிய குடையோடு, முகம் வாடிப்போய், வேங்கடசுப்ரமணியனும் வந்தார்.

கடல்வாசல் தாழ்ந்த இடத்தில் இருந்தது. வளைவுக்கு வெளியே சாம்பல் நிறத் தண்ணீர், கரையில் கவிழ்த்துப் போட்ட படகுகள், காய்ந்த மீன் வாசனை. வாலாம்பாள் வளைவின் நடுவில், காற்று நேராக வந்து மோதுகிற இடத்தில் நின்றாள். குடை புரண்டுபோனது. அதை மடக்கிச் சுவரில் சாத்தினாள். தலை நனைய நனையச் சொன்னாள்.

சரணாகதி எழுதிய பிறகு இந்த வாசலைத்தான் திறந்தார்கள் என்றாள். ஜெயித்தவர்கள் இந்த இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். முரசு அடிக்கிறவன் முன்னால் வந்தான். அவனுக்குப் பின்னால் சிப்பாய்கள், துப்பாக்கியோடு. அவர்களுக்குப் பின்னால் பெண்டுகள், கைக்குழந்தைகள், பெட்டி படுக்கை. தோற்றுப்போய்விட்டார்கள், சந்தேகமில்லை, ஊரும் போயிற்று, கோயிலும் போயிற்று. ஆனால் முரசு அவர்களுடையது, அதை அவர்களே அடித்துக்கொண்டு போனார்கள் என்றாள். கப்பல் என்று சொல்லும்போது நின்றாள். இந்தத் தடவை நாவாய் என்று நழுவவில்லை. கரையில் கிடந்த படகைப் பார்த்துக்கொண்டே நின்று, கப்பல் என்றே சொன்னாள். கதவு என்றாள். காவல் என்றாள். ஒவ்வொன்றுக்கும் அதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தாள். வேங்கடசுப்ரமணியனின் உதடுகள் அவளுக்கு முன்னாலேயே அந்தச் சொற்களுக்காகக் குவிந்துகொண்டிருந்தன. ஆனால் சத்தம் வரவில்லை. பாவம், அவருக்கு அது அவள் பேசுவதைவிடக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

சொல்லி முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. குளிரில் பல் கிட்டிப்போயிருந்தது. மாமி மட்டும் வளைவின் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். முரசு அடிக்கிறவன் இந்தப் பக்கமா நின்றான், அந்தப் பக்கமா என்று கேட்டாள். அது தனக்குத் தெரியாது என்று வாலாம்பாள் சொன்னாள்.

குப்பத்திலிருந்து பஸ் திரும்பி வந்தது. மண்டபத்தில் தங்கியவர்கள் அது உள்ளே வரும்போதே தரைவாசலில் ஏறி, ஜன்னல் படுதாவை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இதை விட்டால் ஸ்டேஷன் வரை மழையில் நடக்க வேண்டும். வேங்கடசுப்ரமணியன் ஏறினார், மற்றவர்கள் ஏறினார்கள். மாமியை ஜம்பு கைகொடுத்து ஏற்றிவிட்டார். கடைசியில் வாலாம்பாள் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தாள்.

"ஏண்டி வாலாம்" என்று மாமி சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள், புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே. "முரசு அடிச்சுண்டு போனாளே அவாள்ளாம், அப்புறம் எங்கேதான் போய்ச் சேர்ந்தா?"

"மொதல்ல பம்பாய்க்கு வந்தா மாமி" என்றாள் வாலாம்பாள். "அப்புறம் அங்கேர்ந்து கோ..."

கோவா தொண்டையில் நின்றது. டிரைவர் எஞ்சினை உறுமவிட்டார். கண்டக்டர், காக்கிச் சட்டை தோளெல்லாம் நனைந்த மராட்டிக்காரர், மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சலா பாயி, லவ்கர்" என்று சீக்கிரம் ஏறச் சொன்னார். பஸ்ஸுக்குள் ஒருவரும் அந்தச் சொல்லை முடித்துக் கொடுக்கவில்லை. வாலாம்பாள் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, திறந்த வாயோடு மாமியின் முகத்தையே பார்த்தபடி நின்றாள். சேற்றில் ஊன்றியிருந்த மற்றொரு காலை அவள் எடுக்கவில்லை.